வீட்டு சிமுலேட்டரில் செஸ்னா 172: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

சிமுலேட்டரில் சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் பலரும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் பிழைக்கு ஜாய்ஸ்டிக் அமைப்பைத் திருகுகிறார்கள். அமைப்பில் இருக்கும் பிழைக்கு மணிக்கணக்காகக் கையைப் பழக்குகிறார்கள். இரண்டும் வீண். கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே வருவதெல்லாம் செஸ்னா 172எஸ் வகைக்கு. வேகங்கள் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில், பேனலில் காட்டும் வேகம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேனோ, எதில் ஓட்டினாலும் வழிமுறை ஒன்றுதான். மெனுவின் பெயர்கள் மட்டும் மாறும்.

எதற்கும் முன்னால் இரண்டு சோதனைகள்

விமானத்தை நிறுத்துமிடத்தில் வையுங்கள், எஞ்சின் வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மாறி, ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாயுங்கள். வலது இறக்கையின் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் தகடு) மேலே போக வேண்டும், இடது கீழே வர வேண்டும். பின்னால் இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) மேலே. வலது பெடலை அழுத்தினால், அல்லது ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் முறுக்கினால், ரட்டர் (செங்குத்து வாலில், மூக்கை இடம் வலம் திருப்பும் தகடு) வலப்பக்கம். இனி கையை எடுத்துவிட்டு, காக்பிட்டுக்குள் திரும்பி வந்து யோக்கை (விமானத்தின் கைப்பிடிச் சக்கரம்) மட்டும் பாருங்கள். தானாக நடுங்கினாலோ, நடுவுக்கு வராமல் ஒரு ஓரமாக நின்றாலோ, ஜாய்ஸ்டிக்கின் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி பிடித்திருக்கிறது. டெட்ஜோன் (நடுவைச் சுற்றி அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) 3 முதல் 5 சதவீதம் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எரிச்சலில் 15, 20 என்று ஏற்றிவிடாதீர்கள். தரையிறங்கும்போது வேண்டியதே நடுவைச் சுற்றியுள்ள அந்தச் சின்ன அசைவுகள்தான். அவற்றை நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

இதே இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேம்பேட், ஜாய்ஸ்டிக் இரண்டும் கணினியில் செருகியிருந்தால், சிமுலேட்டர் இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து வைத்திருக்கும். த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) திடீரென்று பூஜ்யத்துக்குப் பாய்வது, எலிவேட்டர் உதறுவது எல்லாம் இப்படித்தான் வருகின்றன. கேம்பேடைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது சோதனை வானத்தில். காற்றில்லாத வானிலையை வைத்துக்கொண்டு, 3,000 அடியில், 2,300 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை), ட்ரிம் (கையால் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் வைக்கும் அமைப்பு) சரிசெய்து, கையை எடுங்கள். 172 நல்ல குணமுள்ள விமானம். மூக்கு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், அந்த ஊசலாட்டம் தானே தணியும். ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால் எரிபொருள் செலக்டர் ‘இரண்டும்’ என்ற நிலையில் இருக்கிறதா, இரு இறக்கைகளிலும் ஒரே அளவு எரிபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் ஜாய்ஸ்டிக்தான். இந்தச் சோதனையில் விமானம் ஒழுங்காகப் பறந்துவிட்டால், இனி வரும் பிழைகளில் பெரும்பாலானவை கையிலிருந்து வருபவை என்று துணிந்து சொல்லலாம்.

த்ராட்டில் முழுதும் கொடுத்தும் நகரவில்லை, அல்லது ஊர்கிறது

பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும். அது இல்லையென்றால், பெடல் வைத்திருப்பவர்களுக்கு, கால்விரலால் அழுத்தும் பிரேக்கின் அச்சு தலைகீழாக இருக்கும்: கால் படாமல் இருக்கும்போது முழு பிரேக், அழுத்தினால் விடுதலை. அமைப்பில் ‘ரிவர்ஸ்’ கொடுத்தால் தீர்ந்தது.

ஓடுபாதையில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது

புதியவர்கள் அதிகம் கேட்பது இதுதான். இது பெரும்பாலும் கோளாறே இல்லை.

172-இன் காற்றாடி, இருக்கையிலிருந்து பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். ஓடுபாதையில் இருக்கும்போது இடது சக்கரத்தின் மேல் பாரம் கூடும். காற்றாடி தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருளாகப் போய் வாலின் இடப்பக்கத்தில் மோதி, மூக்கை இடப்பக்கம் திருப்பும். மூக்கைத் தூக்கியதும் மூன்றாவது ஒன்று சேரும்: கீழிறங்கும் வலப்பக்க அலகு, மேலேறும் இடப்பக்க அலகைவிட அதிகம் காற்றைக் கடிக்கும். எல்லாமே இடப்பக்கம்தான் இழுக்கின்றன. மருந்து ஒன்றே ஒன்று, வலது ரட்டர். அதையும் த்ராட்டிலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். மூக்கு திரும்பிய பிறகு கொடுத்தால், விமானம் வலப்பக்கம் பாயும், நீங்கள் இடப்பக்கம் உதைப்பீர்கள், அப்புறம் ஓடுபாதை முழுக்கப் பாம்பு நடைதான்.

கோளாறா, இயற்பியலா என்று பிரிப்பது சுலபம். த்ராட்டில் கூடக்கூட இழுப்பும் கூடினால் இயற்பியல். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, தரையில் ஊர்ந்து டாக்ஸி செய்கையிலேயே இழுத்தால் ஒரு பக்க பிரேக் பிடித்திருக்கிறது அல்லது ரட்டர் அச்சு நடுவில் இல்லை. ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் என்று இழுத்தால் காற்று. செங்குத்து வாலில் பக்கக்காற்று அடிக்கும்போது விமானம் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். காற்றுறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் காற்று வரும் பக்கம் எய்லரானைச் சாய்த்து வைத்து ஓட ஆரம்பித்து, வேகம் கூடக்கூடத் தளர்த்துங்கள்.

த்ராட்டிலைப் பட்டென்று தள்ளாதீர்கள். சிமுலேட்டரில் சுண்டுவிரலால் அரை நொடியில் தள்ளிவிடலாம், அதுதான் வினை. மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை மூக்குக்கு முன்னால் வேண்டாம், ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். 55 நாட்டில் மெல்ல இழுங்கள், 74-இல் ஏறுங்கள். ஏறும்போதும் வலது கால் ஓயக்கூடாது: பேனலில் உள்ள, பக்கச் சறுக்கலைக் காட்டும் பந்து வலப்பக்கம் போனால் வலது பெடல், இடப்பக்கம் போனால் இடது.

பெடல் இல்லாதவர்கள் முறுக்கும் ஜாய்ஸ்டிக்கில் சமாளிக்கலாம். முறுக்கும்போது கை தன்னையறியாமல் பக்கவாட்டிலும் சாய்க்கும் என்பதால், அந்த அச்சுக்கு மட்டும் டெட்ஜோனைக் கொஞ்சம் கூட்டுங்கள். ரட்டரைத் தானே பார்த்துக்கொள்ளும் உதவியை அணைத்துவிடுவது நல்லது. அதை வைத்துக்கொண்டு பழகினால் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

உயரம் நிற்கவே மாட்டேன் என்கிறது

2,500 அடியில் நிற்கச் சொன்னால் 2,700, பிறகு 2,300, மறுபடி 2,650. யோக்கோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், ‘ஜாய்ஸ்டிக் சென்சிடிவிட்டி கூடுதல்’ என்று முடிவு கட்டுவார்கள். சில நேரம் உண்மைதான். நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் இருக்கும்படி வளைவை மாற்றினால் கொஞ்சம் உதவும். ஆனால் நோயின் வேர் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, ஏறுவீத முள்ளைத் துரத்துவது. அந்த முள் நடப்பதைக் காட்டுவதில்லை, சில நொடி முன்னால் நடந்ததைக் காட்டுகிறது. அது பூஜ்யத்துக்கு வரும்வரை தள்ளிக்கொண்டிருந்தால், விமானம் அதற்குள் பூஜ்யத்தைத் தாண்டிப் போயிருக்கும். துண்டுக் காகிதத்தை ஒட்டி அந்தக் கருவியை மறைத்துவிடுங்கள். அடிவானத்துக்கும் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அதை அசையாமல் வைத்துவிட்டு, எப்போதாவது உயரமானியை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இன்னொன்று ட்ரிம். இங்கே நிஜ விமானத்துக்கும் வீட்டு ஜாய்ஸ்டிக்குக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பல பயிற்சி வீடியோக்கள் இதைத் தொடுவதே இல்லை. நிஜத்தில் யோக்கை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, கையில் தெரியும் பாரம் போகும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுற்றுவார்கள். யோக் அதே இடத்தில் நிற்கும், பாரம் மட்டும் மறையும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. என்ன ட்ரிம் வைத்தாலும் அது நடுவுக்குத்தான் வரும். நிஜத்தில் செய்வதுபோல் ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே ட்ரிம் சுற்றினால் இரண்டும் கூடி மூக்கு எகிறும். ஆகவே ட்ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை அதே அளவுக்குத் தளர்த்த வேண்டும். ஒரு கிளிக், கொஞ்சம் தளர்வு. இன்னொரு கிளிக், இன்னும் கொஞ்சம் தளர்வு. கை நடுவுக்கு வந்து சேரும்போது மூக்கு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இது ஒன்று கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி எளிதாகிவிடும் என்பது என் எண்ணம்.

வரிசையும் முக்கியம். உயரத்தை எட்டியதும் மூக்கைச் சமமாக்குங்கள். வேகம் கூடிவரக் காத்திருங்கள். பிறகு த்ராட்டிலை 2,300-க்குக் குறையுங்கள். எல்லாம் நிலைகொண்ட பிறகே ட்ரிம். வேகம் மாறிக்கொண்டிருக்கும்போதே ட்ரிம் செய்தால் அடுத்த நிமிடமே மறுபடி செய்ய வேண்டிவரும், ஏனென்றால் ட்ரிம் ஒரு வேகத்துக்கானது. த்ராட்டிலை மாற்றினாலும் ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்பக்கத் தகடு) இறக்கினாலும் அதைத் தொடத்தான் வேண்டும்.

திரும்பும்போது உயரம் போகிறது

சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் செலவாகிவிடுகிறது. அதை ஈடுகட்ட மெல்ல இழுக்க வேண்டும். 30 பாகையில் பாரம் 1.15 மடங்குதான், லேசாக இழுத்தால் போதும். 45-இல் 1.41. 60-இல் இரட்டிப்பு. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் சரியாக வருகிறது, வலப்பக்கம் திரும்பினால் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்றால், நீங்கள் இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் மூக்கின் நடுப்புள்ளியைத் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே உள்ள இடத்தைக் குறியாக வையுங்கள், காற்றாடியின் மையத்தை அல்ல.

எஞ்சின் உதறுகிறது, சக்தி போகிறது, நின்றுவிடுகிறது

சிவப்புக் குமிழ்தான் முதல் சந்தேக நபர். அது மிக்ஸ்சர்: காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்று சொல்வது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது, எரிபொருளோ அதே அளவில் வந்துகொண்டிருக்கிறது. 3,000 அடிக்கு மேல் போனால் குமிழைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். ஆர்பிஎம் முதலில் கூடும், ஒரு உச்சத்துக்குப் பிறகு குறையத் தொடங்கும். உச்சத்தைத் தாண்டியதும் ஒரு சிட்டிகை முன்னால் தள்ளி நிறுத்துங்கள்.

லே விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் செய்ததுபோல் சிவப்புக் குமிழை முழுதும் உள்ளே தள்ளி வைத்துக் கிளம்பினால் விமானம் முக்கிக்கொண்டே ஓடும். அந்த இடம் 10,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மிக்ஸ்சரைச் சரியாக வைத்தாலும் கடல்மட்டச் சக்தியில் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஓடுபாதையிலேயே முழு த்ராட்டில் கொடுத்து, மிக்ஸ்சரை உச்ச ஆர்பிஎம்முக்கு வைத்துவிட்டுத்தான் பிரேக்கை விட வேண்டும். அழகான மலைகளைப் பார்க்கும் ஆசையில் முதல் வாரமே அங்கே போவது சரியான யோசனை இல்லை.

பழைய 172 வகைகளிலும் செஸ்னா 152-இலும் கார்புரேட்டர் உண்டு. ஈரக்காற்றில், வெளியே வெதுவெதுப்பாக இருந்தாலும்கூட, கார்புரேட்டருக்குள் பனி படியும். ஆர்பிஎம் ஓசையில்லாமல் குறைந்துகொண்டே வரும். கார்ப் ஹீட்டை முழுதும் இழுங்கள். முதலில் இன்னும் உதறும், அதுதான் பனி உருகுவதன் அறிகுறி, பயந்து திருப்பித் தள்ளிவிடாதீர்கள். 172எஸ்ஸில் எரிபொருள் ஊசிவழி செலுத்தப்படுவதால் அந்தக் குமிழே கிடையாது, தேட வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் எரிபொருள் செலக்டர், மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) சாவி இரண்டும் ‘இரண்டும்’ என்ற நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

இறங்க வந்தால் மிதந்துகொண்டே போகிறது, அல்லது தவ்வுகிறது

ஓடுபாதைமேல் நடக்கும் பிழையை ஓடுபாதைமேல் தேடாதீர்கள். அது இரண்டு மைலுக்கு முன்னால், வேகத்தில் இருக்கிறது.

முழு ஃபிளாப்போடு 65 நாட். இதுதான் எண். 75-இல் வந்தால் மூக்கைத் தூக்கியதும் விமானம் இறங்க மறுக்கும். தரையிலிருந்து இறக்கை நீளத்துக்குள், அதாவது 11 மீட்டருக்குள், வந்ததும் காற்றின் இழுவை குறைந்துவிடுவதால் மிச்ச வேகம் கரையவே செய்யாது. ஓடுபாதை பாதி தீர்ந்துபோகும். பொறுமையிழந்து மூக்கை அமுக்குவீர்கள். முன்சக்கரம் முதலில் படும். அப்புறம் குளத்தில் வீசிய ஓட்டாஞ்சல்லிபோல் தத்தித் தத்திப் போகும்.

சரி, 65-ஐ எப்படிப் பிடிப்பது? வேகத்தை மூக்கால், இறக்கத்தை த்ராட்டிலால். வேகம் கூடினால் மூக்கைக் கொஞ்சம் தூக்கு. ஓடுபாதைக்கு எட்டாமல் போகிறதென்றால் த்ராட்டில் கொஞ்சம் கூட்டு. ஓடுபாதை நேருக்கு நேர் வந்த பிறகு 1,500 ஆர்பிஎம் பக்கத்தில் இருந்தால் அதிகம் திருத்த வேண்டியிருக்காது. இறக்க வீதம் எவ்வளவு என்று குழம்பினால், தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 65 நாட்டுக்கு நிமிடத்துக்கு 325 அடி. ஓரத்தில் நான்கு விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். நான்கும் வெள்ளையென்றால் மிக உயரம், நான்கும் சிவப்பென்றால் மிகத் தாழ்வு. ஃபிளாப்பின் முதல் 10 பாகையை 110 நாட்டுக்குக் கீழே இறக்கலாம்; அதற்கு மேல் இறக்க 85-க்குக் கீழே வர வேண்டும்.

வேகம் சரியாக இருந்தும் தொம்மென்று விழுகிறதா? அப்படியானால் கேமராவைப் பாருங்கள். இந்தப் பிழை கையிலும் இல்லை, ஜாய்ஸ்டிக்கிலும் இல்லை. காட்சிக்கோணம் மிக அகலமாக வைத்திருந்தால் எல்லாம் சிறியதாக, தூரமாகத் தெரியும். தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நினைத்து மூக்கைத் தூக்கத் தாமதிப்பீர்கள். கோணம் குறுகலாக இருந்தால் நேர்மாறு, இருபது அடி உயரத்திலேயே தூக்கிவிட்டு அங்கிருந்து விழுவீர்கள். பேனல் முழுதும் திரையில் வரட்டும் என்று பின்னால் தள்ளி வைப்பதுதான் வழக்கமான காரணம். பேனலின் மேல் பாதியும் ஓடுபாதையும் தெரிந்தால் போதும். ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை மாற்றாமலேயே பழகுங்கள், இருக்கை உயரத்தையும்தான்.

மூக்கைத் தூக்கும் நேரம் வந்ததும் பார்வை ஓடுபாதையின் கடைசிக்குப் போக வேண்டும். கிட்டத்தில் பார்த்தால் தரை பாய்ந்து வருவதுபோல் தெரியும், கை பயந்து இழுக்கும், விமானம் மறுபடி மேலே போகும். த்ராட்டிலை முழுதும் மூடுங்கள். சம உயரத்தில் பறக்கவிடுங்கள். கீழே போகப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழுங்கள், தள்ளவே வேண்டாம். இழுத்துக்கொண்டே இருக்கும்போது ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை ஓசை கேட்க ஆரம்பிக்கும். நல்ல இறக்கத்தில் சக்கரம் தொடுவது அந்த ஓசையோடுதான்.

சின்னத் தவ்வலென்றால் மூக்கை அதே நிலையில் பிடித்துக் காத்திருங்கள், தானே அமரும். பெரிய தவ்வலென்றால் காப்பாற்ற முயலாதீர்கள். முழு த்ராட்டில், வலது ரட்டர், ட்ரிம்மால் எகிறும் மூக்கை முன்னால் அழுத்திப் பிடித்தல், ஃபிளாப் 20-க்கு, 60 நாட்டில் ஏற்றம். ஃபிளாப்பை ஒரேயடியாக மேலே எடுத்துவிட்டால் அப்படியே தரையில் போய் உட்காரும். இந்த மறுசுற்றைத் தனியாகப் பழகுங்கள்; இறங்குவதைவிட இதையே அதிகம் பழகினாலும் தப்பில்லை.

கடைசித் திருப்பத்தில் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து விழுகிறது

ஓடுபாதையைத் தாண்டித் திரும்பிவிட்டோம் என்று பதறி, சாய்வைக் கூட்டாமல் ரட்டரால் மூக்கை உள்ளே தள்ளி, கூடவே இழுத்தால் இது நடக்கும். நிஜத்திலும் உயிரை வாங்கும் தவறு இதுதான். ஸ்டால் என்பது வேகக் குறைவு மட்டுமல்ல, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறுவது. பந்து நடுவில் இல்லாமல் அது நடந்தால் ஒரு இறக்கை முதலில் விழும். சாய்வு 30-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால், தாண்டாமல் மறுசுற்றுப் போங்கள். 4,000 அடிக்குப் போய், வேண்டுமென்றே ஸ்டால் செய்து, இழுப்பதை விட்டு, எதிர் ரட்டர் கொடுத்து மீள்வதைப் பழகலாம். பணச்செலவும் பயமும் இல்லாமல் இதைச் செய்ய முடிவதுதான் சிமுலேட்டரின் பெரிய வசதி.

உயரமும் திசையும் பொய் சொல்கின்றன

உயரமானியில் காற்றழுத்தத்தை அந்தந்த நிலையத்துக்கு மாற்ற வேண்டும். பாதரச அங்குலம் ஒன்று பிசகினால் ஏறத்தாழ ஆயிரம் அடி பிசகும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ‘பி’ (B) விசை அதைத் தானே சரிசெய்யும். திசைகாட்டும் கைரோ மெல்ல நகர்ந்துவிடும். கால்மணிக்கு ஒருமுறை, சமமாகப் பறக்கும்போது, காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

அழுத்தம் சரி, ஆனாலும் தரை பக்கத்தில் தெரிகிறது என்றால் அது கருவியின் குற்றம் இல்லை. உயரமானி கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. சென்னையில் 1,000 அடி என்றால் தரையிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவுதான். கோவை விமான நிலையமே ஏறத்தாழ 1,300 அடியில் இருக்கிறது. அங்கே ஆயிரம் அடி உயரத்தில் சுற்ற 2,300 காட்ட வேண்டும்.

இறங்கும்போது மட்டும் கை தாமதமாகிறது

விமான நிலையத்தை நெருங்கும்போது கட்டடங்கள் கூடி, திரையின் வேகம் விழுகிறது. நீங்கள் இழுப்பதற்கும் மூக்கு அசைவதற்கும் நடுவே இடைவெளி விழுந்தால், கை மேலும் இழுக்கும், பிறகு மேலும் தள்ளும். மேகத் தரத்தையும் நிலப்பரப்பு விவரத்தையும் குறையுங்கள். டிவியைத் திரையாக வைத்திருந்தால் அதன் ‘கேம்’ நிலையைப் போடுங்கள். கண்ணுக்கு அழகான, நொடிக்கு 25 ஃபிரேமைவிட, சுமாரான படத்தோடு வழுக்காத 40 மேல்.

நிஜ விமானத்தில் ஏறியதும் பயிற்சியாளர் பேனலை மூடுகிறார்

பறக்கும் பள்ளிக்குப் போனவர்களிடம் தெரியும் அறிகுறி இது. திரையில் கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் கருவிகளையே பார்த்துப் பழகிவிட்டார்கள். வீட்டு மணிநேரம் லைசன்ஸ் கணக்கில் வராது, ஆனால் பழக்கம் கூடவே வந்துவிடும். போவதற்கு முன்னால், சில பறத்தல்களைப் பேனல் தெரியாத காட்சியில் செய்யுங்கள். ஆர்பிஎம்மை எஞ்சின் சத்தத்தால், வேகத்தை மூக்கின் நிலையால் ஊகித்துவிட்டு, பேனலை ஒரு கணம் திறந்து சரிபார்த்து, மறுபடி மூடுங்கள். ஊகம் ஐந்து நாட்டுக்குள் வந்தால் அந்தக் காட்சியிலேயே ஒரு சுற்றுப் போய் இறங்கிப் பாருங்கள்.